ஆயாவுக்கு ஒரு எப்பெல்காக்கா

ஸ்வீடிஷ் மொழியில் கேக்குக்குக் ‘காக்கா’ என்று பெயர். எழுத்துக்கூட்டினால் ககா மாதிரி இருக்கும், சொல்லும்போது முதல் எழுத்து நீண்டு கிட்டத்தட்ட நம் காக்காவேதான். ஆப்பிள் போட்டுச் செய்தால் ‘எப்பெல்காக்கா’. கோத்தன்பர்க் நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன். அங்கே அலுவலகங்களில் காலையும் மாலையும் ‘ஃபீக்கா’ என்று ஒரு இடைவேளை உண்டு. காப்பியைக் குறிக்கும் ‘காஃபி’ என்ற பழைய சொல்லின் அசைகளை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுச் செய்த கொச்சைச் சொல் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்வீடன் அரசு காப்பியைப் பலமுறை தடை செய்தது. இன்று அதே நாட்டில் காப்பி இடைவேளைக்குப் போகாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அன்றிரவு ஆயாவிடம் போனில் சொன்னேன். “ஆயா, இங்க கேக்க காக்கான்னு சொல்றாங்க.”

“நீ துன்னியா?”

“ஆமா.”

“முட்டை போட்டிருப்பானுங்களே.”

“இல்ல ஆயா, போடாததுன்னு கேட்டுத்தான் சாப்ட்டேன்” என்றேன். அது பொய். அடுத்த ஐந்து வருடங்களில் ஆயாவிடம் நான் சொன்ன பல பொய்களில் முதல் பொய்.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் தீவனூர் பக்கம் திரும்பினால் வரும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பார்சுவநாதர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம். தமிழ்ச் சமணர்களின் தலைமையிடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. மடாதிபதிகள் லட்சுமிசேனர் என்ற பட்டத்தோடு வழிவழியாக வருகிறவர்கள். ஊருக்குள் மலைநாதர் கோயில் என்று இன்னொன்று உண்டு. மலை என்பது மரியாதைக்குத்தான், ஒரு பெரிய பாறை. அதன்மேல் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், அம்பிகை எல்லோரையும் செதுக்கியிருக்கிறார்கள். சின்ன வயதில் ஆயாவின் இடுப்பில் உட்கார்ந்து அந்தப் பாறையைப் பார்த்தவன் நான். பெயருக்குப் பின்னால் நயினார் என்று போட்டுக்கொள்ளும் கடைசித் தலைமுறை என் அப்பாவோடு முடிந்தது. சாப்பாட்டு விதிகள் மட்டும் வீட்டில் அப்படியே இருந்தன.

விதிகள் நிறைய. புலால் இல்லை, முட்டை இல்லை, தேன் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இரவுண்ணாமை. பொழுது சாய்வதற்கு இரண்டு நாழிகை முன்னால், அதாவது நாற்பத்தெட்டு நிமிடம் முன்னால், சாப்பிட்டு வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் சோற்றில் விழும், அதைத் தெரியாமல் தின்றாலும் கொலைதான் என்பது காரணம். நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம், டியூஷன் என்று சொல்லி இந்த விதியிலிருந்து எப்போதோ நழுவிவிட்டோம். ஆயா நழுவவில்லை. வீட்டுக்கு மின்சாரம் வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஆயாவின் கடிகாரம் சூரியன்தான்.

அதனால் ஸ்வீடனைப் பற்றி ஆயா கேட்ட முதல் கேள்வியே “அங்க பொழுது எத்தினி மணிக்குச் சாயுது?” என்பதுதான். நான் போயிருந்தது ஜூன் மாதம். கோத்தன்பர்க்கில் இரவு பத்தே காலுக்குச் சூரியன் மறையும் காலம். சொன்னதும் ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். “அப்போ உனக்குக் கஷ்டமே இல்ல, ஒன்பது மணிக்குக்கூடச் சாப்புடலாம்.” இன்னும் வடக்கே கிருனா என்ற ஊரில் கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மறையவே மறையாது என்றேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்பிடி ஊர்ல பொறந்திருக்கலாம்” என்றார்.

டிசம்பர் வந்தது. மாலை மூன்றரைக்கு முன்பே இருட்டிவிடும். மறுபடி கேட்டார். சொன்னேன். “ரெண்டரைக்கே சாப்ட்டு முடிச்சிடறியா?” என்றார். “ஆமா ஆயா” என்றேன். அப்போது மணி இரவு எட்டு. என் முன்னால் தட்டில் ஆம்லெட் இருந்தது.

*

என் குழுவில் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண்மணி இருந்தார். தென்கோடி மாகாணமான ஸ்கோனேயைச் சேர்ந்தவர். ஸ்வீடனின் ஆப்பிள் தோட்டங்கள் அங்கேதான் அதிகம். இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவர் ஃபீக்காவுக்கு எப்பெல்காக்கா கொண்டுவந்தார். கடைகளில் பார்க்கும் பஞ்சு மாதிரியான கேக் இல்லை அது. கறுப்பாக, உதிரியாக, கரண்டியால் அள்ளிப்போடும் பதத்தில் இருந்தது. நடுநடுவே வெந்து குழைந்த ஆப்பிள். இது எப்படிக் கேக் ஆகும் என்று கேட்டேன். இதுதான் பழைய கேக், நீங்கள் கடையில் சாப்பிடுவது பின்னால் வந்தது என்றார்.

செய்முறையைக் கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. காய்ந்துபோன கறுப்பு ரொட்டியைத் துருவிக்கொள்ள வேண்டும். ‘காவ்ரிங்’ என்ற கம்புநிற ரை ரொட்டி. அந்தத் துருவலை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு வாணலியில் மொறுமொறுப்பாக வறுக்க வேண்டும். ஆப்பிளைக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குழைய வேகவைக்க வேண்டும். பாத்திரத்தில் ஒரு அடுக்கு துருவல், ஒரு அடுக்கு ஆப்பிள், மறுபடி துருவல். பிறகு அடுமனைச் சூட்டில் அரைமணி நேரம். வனிலா சாஸ் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான். மைதா இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. முட்டை இல்லை.

முட்டை இல்லை என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அந்தப் பெண்மணி ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். ஏன் இல்லை என்று நானாக யோசித்துப் பார்த்தேன். பொறியாளர் புத்தி, எதற்கும் ஒரு காரணம் வேண்டும். கோழி வெளிச்சத்தை நம்பி வாழும் பறவை. பகல் பொழுது குறையக் குறைய அது முட்டையிடுவது குறையும், குளிர்காலத்தில் நின்றேபோகும். இன்றைய பண்ணைகளில் மின்விளக்கு போட்டுப் பகலை நீட்டிக்கிறார்கள், அதனால் ஆண்டு முழுக்க முட்டை கிடைக்கிறது. மின்விளக்கு வருவதற்கு முந்தைய ஸ்வீடனில் நவம்பர் மாதம் ஒரு விவசாயி வீட்டில் என்ன இருந்திருக்கும்? செப்டம்பர் அக்டோபரில் பறித்துப் பரணில் அடுக்கிய ஆப்பிள் இருக்கும். காய்ந்த ரை ரொட்டி இருக்கும். வடக்கத்தி வீடுகளில் ரொட்டியை வருடத்துக்குச் சில தடவை மட்டும் மொத்தமாகச் சுட்டு, நடுவில் ஓட்டை போட்டுக் கழியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. உப்புப் போட்ட வெண்ணெய் இருக்கும். முட்டை இருக்காது. அந்தப் பருவத்தில் பிறந்த பலகாரம் முட்டை இல்லாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

பஞ்சு மாதிரியான கேக் பரவுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று பொருட்கள் தேவைப்பட்டன. வீட்டுக்குள் சூட்டைக் கட்டுப்படுத்தும் இரும்பு அடுப்பு, மலிவான சர்க்கரை, ரசாயன உப்பு மாவு. அதற்கு முன்னால் ஏழை வீட்டில் கேக் என்பது மிஞ்சிய ரொட்டிக்கு மறுவாழ்வு கொடுக்கும் வழி. நம் வீட்டில் மிஞ்சின இட்லி உப்புமா ஆவதைப் போல.

ஆயாவின் சாப்பாட்டைச் சூரியன் தீர்மானிக்கிறது. இந்தக் கேக்கில் முட்டை இல்லாமல் போனதையும் சூரியன்தான் தீர்மானித்திருக்கிறது. ஒன்று அறம், மற்றொன்று பற்றாக்குறை. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஐயாயிரம் மைல் தள்ளி இருந்த ஒரு கிழவியின் செய்முறையை எங்கள் ஆயா தொடலாம் என்று தோன்றியது. ஊருக்குத் திரும்பும்போது இதைச் செய்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

*

கோத்தன்பர்க்கில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து டிராமில் கால்மணி நேரம் போனால் நகர அருங்காட்சியகம். பழுப்பு மஞ்சள் செங்கல்லால் கட்டிய நீண்ட கட்டடம். கால்வாய்க் கரையில் நிற்கிறது. 1750களில் கட்டியது. ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகமாக இருந்தது. ஸ்வீடனுக்கும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி இருந்தது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். 1731ல் ஆரம்பித்து 1813ல் முடிந்த கம்பெனி. மொத்தம் 132 கடற்பயணங்கள். பெரும்பாலும் சீனாவின் காண்டன் துறைமுகத்துக்கு. தேயிலை, பீங்கான், பட்டு.

ஆனால் அதன் இரண்டாவது கப்பல் காண்டனுக்குப் போகவில்லை. ‘மகாராணி உல்ரிகா எலியனோரா’ என்ற அந்தக் கப்பல் 1733ல் கோத்தன்பர்க்கிலிருந்து கிளம்பி அதே ஆண்டு செப்டம்பரில் வந்து நின்ற இடம் பரங்கிப்பேட்டை. போர்ட்டோ நோவோ. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். பழைய தென்னார்க்காடு மாவட்டம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே மாவட்டம்.

வந்தவர்களுக்கு வேண்டியது பருத்தித் துணி. சோழமண்டலக் கரையின் நெசவு அன்று உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. ஸ்வீடன்காரர்களின் வணிகப் பொறுப்பாளர் சார்லஸ் பாரிங்டன் உள்ளூர் ஆட்சியாளரிடம் அனுமதி வாங்கிப் பரங்கிப்பேட்டையில் ஒரு பண்டகசாலையைத் திறந்தார். அது ஒரு மாதம் சொச்சம்தான் நின்றது. அக்டோபரில் கடலூர் புனித டேவிட் கோட்டையிலிருந்து ஆங்கிலேயர்களும் பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து படையோடு வந்து பண்டகசாலையைக் கைப்பற்றினார்கள். சரக்கு பறிபோனது. ஆட்கள் சிலர் பிடிபட்டார்கள். பாரிங்டன் தப்பித்து டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு ஓடினார். அப்போது சென்னையில் ஆங்கிலேய கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் லெனுவார். பதின்மூன்று வருடத்தில் ஒருவரையொருவர் குண்டு வைத்துத் தகர்க்கப்போகிற இரண்டு கம்பெனிகள் மூன்றாவதாக ஒருவன் கடை போட்டதும் கை கோத்துக்கொண்டன.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. ஸ்வீடிஷ் கம்பெனி என்று பெயர் இருந்தாலும் அதில் இருந்த அனுபவசாலிகள் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஆங்கிலேயர்கள். லண்டன் கம்பெனியின் ஏகபோகத்துக்கு வெளியே வியாபாரம் செய்யத் துடித்தவர்கள். முன்னால் இதே ஆட்கள் ஆஸ்திரியப் பேரரசின் ஓஸ்டெண்ட் கம்பெனியில் இருந்தார்கள். நம் கோவளத்தில் அந்தக் கம்பெனிக்குத் தளம் இருந்தது. பிரிட்டன் அரசியல் அழுத்தம் கொடுத்து ஓஸ்டெண்ட் கம்பெனியை மூட வைத்தது. அந்த ஆட்கள் கொடியை மாற்றிக்கொண்டு ஸ்வீடன் பெயரில் வந்து நின்றார்கள். லண்டன்காரர்களுக்கு இது தெரியும். அதனால்தான் அத்தனை அவசரம்.

ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1736ல். மூன்று வருடம் முன்னால் தொடங்கியிருந்தால் இந்தச் சண்டையைப் பற்றி, எந்தத் துபாஷி எவ்வளவு தின்றான் என்பது உட்பட, நமக்கு ருசியான பக்கங்கள் கிடைத்திருக்கும்.

பரங்கிப்பேட்டையில் ஸ்வீடன் காலூன்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அருங்காட்சியகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ரொட்டி போல கடலூர் பக்கம் காவ்ரிங் விற்றிருப்பார்களோ? விளையாட்டு யோசனைதான். ஆனால் அந்த நூற்றாண்டில் ஸ்வீடன் வேறொரு வழியாக நம் சமையலறைக்குள் வந்துவிட்டது. உப்சாலாவில் தாவரவியல் அறிஞர் கார்ல் லின்னேயஸிடம் படித்த யோகான் கெர்ஹார்டு கூனிக் 1768ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்தார். அவர் சேகரித்த செடிகள் ஐரோப்பாவுக்குப் போயின. கறிவேப்பிலைக்கு அறிவியல் பெயர் ‘முர்ராயா கூனிகியை’. இதில் கூனிக் இவர். முர்ராயா என்பது லின்னேயஸின் இன்னொரு மாணவர், ஸ்டாக்ஹோமில் பிறந்த முர்ரே. ரசத்தில் மிதக்கிற ஒரு இணுக்குக் கறிவேப்பிலையில் உப்சாலா வகுப்பறையின் இரண்டு பெஞ்சு நண்பர்கள் இருக்கிறார்கள். இதை ஆயாவிடம் சொன்னபோது “பேரு வெச்சவனுங்க ரசம் வெச்சானுங்களா?” என்று கேட்டார்.

கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர் நிக்லாஸ் சால்கிரென். கோத்தன்பர்க் வணிகர். சர்க்கரை சுத்திகரிப்பு ஆலையும் நடத்தியவர். அவர் விட்டுப்போன பணத்தில் 1782ல் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றும் அந்த நகரத்தின் பெரிய மருத்துவமனை. எப்பெல்காக்காவில் விழும் சர்க்கரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது இனிப்பானதல்ல. பீட்ரூட் சர்க்கரை வருவதற்கு முன்னால் ஐரோப்பாவுக்குச் சர்க்கரை என்றால் கரீபியத் தீவுகளில் அடிமைகள் வெட்டிய கரும்பு. ஸ்வீடனும் 1784 முதல் 1878 வரை செயின்ட் பார்த்தலெமி என்ற கரீபியத் தீவை வைத்திருந்தது. அங்கே அடிமை வியாபாரமும் நடந்தது. ஆயாவின் கணக்குப்படி தெரியாமல் தின்றாலும் கொலை கொலைதான் என்றால், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இனிப்புத் தின்ற யாரும் தப்ப முடியாது.

*

போன நவம்பரில் ஊருக்கு வந்தேன். இரண்டாம் நாளே ஆயா கேட்டுவிட்டார். “அந்தக் காக்காவ செய்யி, பாக்கலாம்.”

ஆப்பிளுக்குத் திண்டிவனம் போனேன். என் சிறுவயதில் எங்கள் பக்கம் ஆப்பிள் என்றால் காய்ச்சல்காரர் பழம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கால் கிலோ வாங்கிப்போவார்கள். கத்தியால் மெல்லிசாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு. ஆப்பிளின் மூதாதை மத்திய ஆசியாவின் தியான்சான் மலைக்காடுகளைச் சேர்ந்தது. கசகஸ்தானில் இன்றும் காட்டு ஆப்பிள் மரங்கள் இருக்கின்றன. அங்கிருந்து மேற்கே போய் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றிவிட்டு நமக்கு வந்தது. இன்று ‘சிம்லா ஆப்பிள்’ என்று நாம் வாங்குவதன் பெரும்பகுதிக்குக் காரணம் பிலடெல்பியாவிலிருந்து தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்து கோட்கரில் தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ். 1916ல் அமெரிக்க ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். பிற்பாடு சத்தியானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டு, சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனவர்.

ரெட் டெலிஷியஸில் ஒரு சிக்கல். பார்க்க அழகு, பச்சையாகத் தின்ன இனிப்பு, வேகவைத்தால் சவசவ என்று ஆகிவிடும். ஸ்வீடனில் இந்தக் கேக்குக்குப் போடுவது புளிப்பு ஆப்பிள். நான் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

அடுத்தது ரொட்டி. ரை இங்கே ஏது? பேக்கரியில் பிரெட் வாங்கிக் காயவைக்கலாம் என்றேன். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. “அது என்னிக்குச் சுட்டதோ, எதப் போட்டு உப்ப வெச்சானோ.” இட்லி மாவும் புளித்ததுதானே என்று வாதாடிப் பார்த்தேன். “அது நான் ஆட்டுனது” என்றார். அதற்கு மேல் வாதம் இல்லை. பிறகு அவரே சொன்னார்: “கேவுரு அடை போட்டு உதுத்துக்கயேன். அதுவும் கறுப்பாத்தான இருக்கும்.”

எனக்குச் சுளீர் என்றது. ஐரோப்பாவில் கோதுமை விளையாத குளிர் மண்ணில் ஏழைக்குச் சோறு போட்ட தானியம் ரை. வெள்ளை ரொட்டி பணக்காரனுக்கு, கறுப்பு ரொட்டி குடியானவனுக்கு. நெல் விளையாத எங்கள் மேட்டு மண்ணில் அதே வேலையைச் செய்தது கேழ்வரகு. அரிசிச் சோறு விசேஷ நாளுக்கு, கூழும் களியும் மற்ற நாளுக்கு. இரண்டு நாட்டிலும் ஏழையின் தானியம் கறுப்பு. கூகுளில் ரைக்கு மாற்று என்ன என்று தேடியிருக்கிறேன். அது இதைச் சொல்லவில்லை.

வெண்ணெய் கூடாது, நெய்யாகக் காய்ச்சிக்கொள் என்றார். கடைந்த வெண்ணெயில் சீக்கிரமே உயிர்கள் உண்டாகிவிடும் என்பது பழைய சமண விதி. சர்க்கரைக்குப் பதில் வெல்லம். கரும்பு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வெல்லம் இல்லாமல் எப்படி? பட்டையும் ஏலக்காயும் வீட்டில் இருந்தன. ஸ்வீடன்காரர்கள் இனிப்பு ரொட்டியில் ஏலக்காயை நம் பாயசத்தைவிடத் தாராளமாகப் போடுவார்கள் என்றதும் ஆயாவுக்கு அவர்கள்மேல் முதல்முறையாக ஒரு மதிப்பு வந்தது.

வனிலா சாஸில் முட்டை மஞ்சள்கரு உண்டு. அதற்கு வழி கஸ்டர்டு பவுடர். இதைக் கண்டுபிடித்தவர் பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பர்டு. அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837ல் சோளமாவை வைத்து முட்டையில்லாத கஸ்டர்டு செய்தார். மனைவிக்கு ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்கு ரொட்டி செய்துகொடுக்க 1843ல் ஒரு பேக்கிங் பவுடரையும் செய்தார். இன்று நம் ஊர் பேக்கரிகளில் ‘எக்லெஸ்’ என்று எழுதி வைத்திருக்கும் கேக்குகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஒவ்வாமையும் அவள் கணவனின் அக்கறையும் இருக்கின்றன.

மதியம் மூன்றரைக்குத்தான் ஆரம்பித்தேன். நாலு ஆப்பிளைத் தோல்சீவி நறுக்கி வெல்லப்பாகில் வேகவிட்டேன். கேவுரு அடைகளை நன்றாகக் காயச் சுட்டு, ஆறவைத்து, உதிர்த்து, நெய்யில் வறுத்தேன். வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே பாத்திரத்தை வைத்து மூடினேன். நாற்பது நிமிடம். இறக்கும்போது மணி ஐந்தரை. எங்கள் பக்கம் நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆயாவின் கெடு ஐந்து மணிக்கே முடிந்திருந்தது. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“காலைல சாப்புடு ஆயா.”

“ராத்திரி தங்குனது வேணாம் கண்ணு.”

அன்று மற்றவர்கள் சாப்பிட்டார்கள். நான் திண்ணையில் ஆயா பக்கத்தில் உட்கார்ந்தேன். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கியிருப்பார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. தமிழில் ‘ஐ’ என்ற எழுத்து கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று என்று எழுத்தியல் ஆய்வாளர்கள் அதைப் போற்றுவார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு ஒரு கிழவியை அரைமணி நேரம் விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கிறோமே என்று இருந்தது. அந்த வெட்கத்தில்தான் சொன்னேன்.

“ஆயா, நான் அங்க முட்டை சாப்ட்டேன்.”

ஆயா திரும்பக்கூட இல்லை. “தெரியும்.”

“எப்பிடி?”

“எப்ப கேட்டாலும் தயிர் சாதம் தயிர் சாதம்ன. எவனாவது அஞ்சு வருஷம் தயிர் சாதமே துன்னுவானா?”

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “இப்பவும் துன்றியா?”

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. “சில நாள்” என்றேன்.

“சரி” என்றார். திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. “ராத்திரில லைட்ட போட்டுனாவது சாப்புடு. இருட்டுல சாப்புடாத.”

மறுநாள் ஒரு மணிக்கே ஆரம்பித்தேன். மூன்றரைக்கு ஆயா முன்னால் தட்டு இருந்தது. கஸ்டர்டை ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வெளிச்சம் நன்றாக விழும்படி தட்டை வாசல் பக்கம் நகர்த்தி, கரண்டியால் கிளறி ஒருமுறை உற்றுப் பார்த்தார். எண்பத்து மூன்று வயதில் கண்புரை அறுவை சிகிச்சை செய்த கண். பிறகு ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

“இது காக்கா இல்லடா. கேவுரு உருண்டைல ஆப்பிள போட்டிருக்க.”

“நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்குது. அந்தம்மாவுக்கு, உனுக்குச் சொல்லிக் குடுத்தாங்களே, அவங்களுக்கு எழுது. ஆப்பிள் இல்லன்னா மாங்கா போடச் சொல்லு.”

எழுதினேன். பதில் வந்தது. ஸ்கோனேயில் மாங்காய் கிடைக்காதாம், கேழ்வரகு மாவு மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அடுத்த பயணத்தில் ஒரு கிலோ எடுத்துப் போகிறேன். ஆயா இப்போதே திரித்து வைத்துவிட்டார். துணியில் சலித்து, பூச்சி இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் இரண்டு முறை பார்த்து.